மாம்பழக்கூழ் ஆலையின் எடை மேடையில் தானியக்கம்: கிடைத்த பலனும் கற்ற எச்சரிக்கையும்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இயங்கும் சிறு, நடுத்தர ஆலைகளுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பதும், பிறர் அமைத்துவிட்டுப் போனதைப் பராமரிப்பதும் என் தொழில். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மாம்பழக்கூழ் ஆலைக்காரர்கள். அவர்களோடு சில பால் சேகரிப்பு நிலையங்களும், ஓசூர்ப் பக்கம் வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. தானியக்கம் என்ற பேச்சை எடுத்தாலே, ஆட்செலவு எவ்வளவு குறையும் என்று முதலாளிகள் கேட்கிறார்கள். வேலை போய்விடுமா என்று தொழிலாளர்கள் கேட்கிறார்கள். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்றை இரு தரப்பாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஏற்பாடு தவறாக ஓடத் தொடங்கினால் அது யார் கண்ணில் படும், அதை நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கும்? நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை இதற்குப் பதில் இல்லாத இடங்களில்தான் நேர்ந்தன. நான் பராமரிக்கும் ஒரு கூழ் ஆலையின் எடை மேடையை முன்வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

மே மாதத்திலிருந்து ஜூலை வரை எங்கள் மாவட்டத்தில் மாங்காய்ப் பருவம். கூழுக்குப் பெரும்பாலும் பெங்களூரா வரும். தோதாபுரி, கிளிமூக்கு என்றும் அதையே சொல்வார்கள். விலை கூடிய கூழுக்கு அல்போன்சா. சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் என நாலா பக்கத்திலிருந்தும் டிராக்டர்களும் மினி லாரிகளும் வந்து ஆலை வாசலில் வரிசை கட்டும். வெயிலில் வண்டி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அடியில் கிடக்கும் காய் சூடேறி நசுங்குவதால், எடை மேடையில் ஒரு வண்டிக்கு ஆகும் நேரம் விவசாயிக்கும் ஆலைக்கும் ஒருசேரப் பணமாகிறது.

பழைய முறையில் வண்டி மேடை மீது ஏறியதும் எழுத்தர், மேடையின் எடையைக் காட்டும் கருவியான இண்டிகேட்டரில் தெரியும் லோடு எடையைப் பார்த்துச் சீட்டில் எழுதுவார். சரக்கை இறக்கிவிட்டு வண்டி மறுபடியும் வந்து ஏறும்போது காலி எடையை எழுதி, இரண்டையும் கழித்து நிகர எடை போட்டு, கார்பன் நகலில் ஒன்றை விவசாயியிடம் கொடுப்பார். இரவில் கணக்குப் பிரிவில் அந்தச் சீட்டுகளைக் கணினியில் மறுபடியும் ஏற்றுவார்கள். 8,460 என்று எழுதியது 8,640 என்று ஏறினால் 180 கிலோ வித்தியாசம். வியர்வையில் நனைந்த சீட்டில் 1-க்கும் 7-க்கும் வேறுபாடு தெரியாமல் போனதை முன்னிட்டு வாசலில் நடந்த வாய்ச்சண்டைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆலைக்காரர் ஏமாற்றுகிறார் என்று விவசாயி நினைப்பார். விவசாயி சீட்டைத் திருத்திவிட்டார் என்று ஆலைக்காரர் நினைப்பார். பெரும்பாலும் இருவருமே நேர்மையானவர்களாக இருப்பார்கள், தவறு எழுத்தில் இருக்கும்.

இண்டிகேட்டரிலிருந்து ஒரு கம்பி வழியாக எடை நேராகக் கணினிக்குப் போகும்படி அமைத்த பிறகு இந்தச் சண்டைகள் ஏறக்குறைய இல்லாமலே போயின. வண்டி மேடையில் நிற்கும் படம், நேரம், எடை மூன்றும் சேர்ந்து பதிவாகின்றன. விவசாயி வாசலைத் தாண்டுவதற்குள் நிகர எடை அவருடைய கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போய்விடுகிறது. இரவில் சீட்டு ஏற்றும் வேலை ஒழிந்ததால், வாரக்கணக்கில் இழுத்த பட்டுவாடா சில நாட்களுக்குள் முடிகிறது. தோட்டத்துக்கு மருந்தடித்த கடனையும் பறிப்புக் கூலியையும் தலையில் சுமந்துகொண்டு நிற்கும் ஒருவருக்கு, பணம் பத்து நாள் முன்னால் வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தானியக்கத்தின் ஆபத்துகளைப் பற்றி இனி நான் எழுதப்போகும் அனைத்தையும் இந்தப் பலனை மறக்காமல்தான் எழுதுகிறேன். பழைய கார்பன் சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

இந்த ஏற்பாட்டை முதலில் அமைத்தது வெளியூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம். பருவ நெரிசலில் ஒவ்வொரு வண்டியும் இரண்டு முறை மேடை ஏறுவதைத் தவிர்க்க, அவர்கள் ஒரு வசதி செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு வண்டியின் காலி எடையை ஒருமுறை எடுத்துவிட்டால், பதிவு எண்ணோடு சேர்த்து நிரல் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே வண்டி வந்தால் லோடு எடையிலிருந்து அந்தப் பழைய எண்ணைக் கழித்துவிடும். வரிசை பாதியாகக் குறைந்தது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. லாரிக்கு இது ஓரளவு பொருந்தும். டிராக்டருக்குப் பொருந்தாது. டிராக்டருக்கு ஒரு பதிவு எண், பின்னால் இழுக்கும் டிரெய்லருக்கு வேறு எண். நிரல் கேட்டது டிராக்டரின் எண்ணை மட்டுமே. எங்கள் ஊர்களில் டிரெய்லரைக் கைமாற்றிக்கொள்வது அன்றாட வழக்கம். தன்னுடையது பங்க்சராகிக் கிடந்தால் பங்காளியின் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வருவார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் மேடையில் பல காலம் சீட்டு எழுதிய மூத்த எழுத்தர். தானியக்கம் வந்தபின் அவருக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. வண்டி மேடையில் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். பராமரிப்புப் பொறுப்பை நான் ஏற்ற பருவத்தில் ஒருநாள் அவர் என்னிடம் வந்து, “சார், அந்த டிராக்டருக்கு நீலக் கலர் ட்ரெய்லர்தான் வழக்கம். இன்னைக்கு வேற ஒண்ணு மாட்டியிருக்கு, சின்னது. கணக்கு மட்டும் பழைய கணக்காவே வருதே, எப்படிங்க?” என்று கேட்டார். அந்த வண்டியைச் சரக்கு இறக்கியபின் மறுபடி மேடை ஏற்றினோம். நினைவில் இருந்த காலி எடை 3,480 கிலோ. உண்மையான காலி எடை 3,120 கிலோ. அந்த விவசாயி ஒரே லோடில் 360 கிலோ மாங்காயை ஆலைக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். பழைய பதிவுகளின் படங்களை எடுத்துப் பார்த்தபோது, டிரெய்லர் மாறியிருந்த லோடுகள் வேறு பலவும் இருந்தன. சிலவற்றில் இழப்பு விவசாயிக்கு, சிலவற்றில் ஆலைக்கு.

அந்த நாட்களில் கணினியில் ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. எடை மேடைக்கு ஆண்டுதோறும் போடப்பட வேண்டிய சட்டமுறை எடையளவு முத்திரையும் முறையாக இருந்தது. மேடை சரி, இண்டிகேட்டர் சரி, கம்பி சரி, கழித்தலும் சரி; கழித்த எண் மட்டும் வேறொரு வண்டியினுடையது. மேடைக்கு முத்திரை போடும் அதிகாரி, அதன் பின்னால் உட்கார்ந்து கழித்தல் போடும் நிரலுக்கு முத்திரை போடுவதில்லை என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். சீட்டில் அச்சாகும் எண் அத்தனை நேர்த்தியாக இருப்பதால் அதைக் கேள்வி கேட்கும் எண்ணமே யாருக்கும் எழுவதில்லை. கையால் எழுதிய சீட்டை மறுபடி கூட்டிப் பார்க்கும் விவசாயி, அச்சடித்த சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நாங்கள் அந்த வசதியை ஒழித்துவிடவில்லை, கட்டுப்படுத்தினோம். டிராக்டர் என்றால் டிரெய்லரின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால்தான் நிரல் நகரும். நினைவில் உள்ள காலி எடைக்குக் குறுகிய ஆயுள் வைத்தோம். அது கடந்தால் வண்டி மறுபடி மேடை ஏறியே ஆகவேண்டும். இடையிடையே நிரல் தானாகவே ஏதாவது ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்துக் காலி எடை கேட்கும்; பழையதற்கும் புதியதற்கும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அந்த வண்டியின் முந்தைய லோடுகள் அனைத்தும் பட்டுவாடாவிலிருந்து தனியே ஒதுக்கப்படும். வரிசை சற்று நீண்டது. அந்த நீட்சியை ஏற்றுக்கொள்ள முதலாளியைச் சம்மதிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலையாக இருந்தது.

அதே ஆலையில் இன்னொரு நாள், அடுத்தடுத்து மூன்று சீட்டுகளில் ஒரே எடை 9,340 என்று இருப்பதைக் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் அம்மா கவனித்தார். இண்டிகேட்டரிலிருந்து வரும் கம்பி இணைப்பு தளர்ந்திருந்தது. புது எண் எதுவும் வராதபோது, கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்படி பழைய நிரல் எழுதப்பட்டிருந்தது. திரை வெறுமையாகத் தெரியக்கூடாது என்பதற்காக அதை எழுதியவர் செய்த உபகாரம் அது. வெறும் திரை தெரிந்திருந்தால் எழுத்தர் அந்தக் கணமே கையை உயர்த்தியிருப்பார். இப்போது, வந்து சேர்ந்து இரண்டு வினாடிக்கு மேலான எடையை நிரல் ஏற்காது. ஒரு வண்டி இறங்கியபின் மேடை பூஜ்யத்துக்குத் திரும்பியதைப் பார்க்காமல் அடுத்த வண்டியைத் தொடாது. எடை ஆடிக்கொண்டிருந்தால் பதிவு செய்யாது. மூன்றில் எது தவறினாலும் திரை முழுதும் சிவப்பாகி, தமிழில் காரணத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

நின்றுவிடுவது என்ற குணத்தை நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதே ஆலையின் உள்ளே, கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பகுதியில் அது முன்பே இருக்கிறது. 215 கிலோ பீப்பாய்களில் அடைபடும் கூழ் அந்தக் குழாய்கள் வழியாகத்தான் போகிறது. வெப்பநிலை நிர்ணயித்த அளவுக்குக் கீழே இறங்கினால் ஒரு வால்வு தானாகத் திரும்பி, கூழை நிரப்பும் பக்கம் விடாமல் வேறு வழியில் திருப்பிவிடும். சந்தேகமான கூழ் பீப்பாய்க்குள் போவதைவிட ஓட்டம் தடைப்படுவது மேல் என்று அந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். 1924-இல் ஜப்பானின் சகிச்சி டொயோடா முழுமைப்படுத்திய தானியங்கித் தறியும், இழை அறுந்தால் தானாக நின்றுவிடும். நிற்கத் தெரிந்த தறி என்பதால், ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் காவல் நிற்கத் தேவையில்லாமல் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. ஆட்செலவு குறைவது எங்கிருந்து வருகிறது என்பதை முதலாளிகள் இதில் பார்க்க வேண்டும். இரும்பால் செய்த இயந்திரத்துக்கு நூறாண்டுக்கு முன்பே கொடுத்த இந்தக் குணத்தை, கணினி நிரலுக்குக் கொடுக்க நாம் ஏன் தயங்குகிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

நிற்காமல் ஓடியதன் விளைவை இங்கிலாந்து 2020-இல் பார்த்தது. கொரோனா பரிசோதனை முடிவுகளைச் சேர்த்தெடுக்கப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுகள் உரிய நேரத்தில் அறிக்கையில் சேரவில்லை; அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அந்த அளவுக்குத் தாமதமானது. கோப்பு நிறைந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டு அந்த நிரல் நின்றிருந்தால் அன்றைக்கே சரிசெய்திருப்பார்கள். எங்கள் ஆலையில் இதற்கு ஒரு சிறிய காவல் வைத்தோம். மாலையில் வாசல் காவலாளியின் நோட்டில் உள்ள வண்டிகளின் எண்ணிக்கையும், கணினியில் பதிவான சீட்டுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் அன்றைய கணக்கு மூடப்படும். காவலாளியின் நோட்டு கணினியோடு எந்த வகையிலும் இணைக்கப்படாதது என்பதால்தான் அதற்கு மதிப்பு.

எடையைவிடப் பட்டுவாடாவில் ஆபத்து அதிகம், ஏனெனில் அங்கே வேகம் வேறு. முன்பு காசோலை எழுதினார்கள். பிறகு வங்கிக்குக் கோப்பு அனுப்பினார்கள். இரவில் அனுப்பியதில் தவறு தெரிந்தால், காலையில் வங்கி திறந்ததும் மேலாளரைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்ற அவகாசம் இருந்தது. 2019 டிசம்பர் 16 முதல், வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் பரிமாற்றம் நாள் முழுதும், விடுமுறையிலும் நடக்கிறது. இது நல்ல மாற்றம். ஆனால் பழைய தாமதம் நமக்குத் தெரியாமலே ஒரு காவலாக இருந்தது, அது போய்விட்டது. எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் ஓர் இரவு கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே இணையம் அறுந்தது. வங்கியிடமிருந்து பதில் வராததால், அனுப்பியது சேரவில்லை என்று நிரல் முடிவு கட்டி மறுபடி அனுப்பியது. உண்மையில் முதல் கோப்பு சேர்ந்திருந்தது, பதில்தான் திரும்பவில்லை. அத்தனை விவசாயிகளுக்கும் பணம் இரண்டு முறை போனது. பெரும்பாலோர் தாங்களாகவே வந்து சொன்னார்கள், பலர் அடுத்த லோடில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் பழைய கடனுக்கு வங்கி பிடித்துக்கொண்ட கணக்குகளிலிருந்து அதைத் திரும்பப் பெறுவது எளிதாக இல்லை.

பதில் வராததும் தோல்வியும் ஒன்றல்ல. பணம் அனுப்பும் எந்த நிரலும் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் மாறாத ஒரு தனி எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பணம் போயிருக்கிறதா என்று வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்க்காமல் மறுமுறை அனுப்பாதபடி எழுத வேண்டும். அதற்கு மேல், அன்றைய மொத்த டன்னை விலையால் பெருக்கி வரும் தொகையும் கோப்பின் மொத்தத் தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு மனிதர் காகிதத்தில் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே கோப்பு போகவேண்டும். இந்தச் சரிபார்ப்புக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று ஏறக்குறைய 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏழில் ஏற்றி, ஒன்றில் விட்டுவிட்டார்கள். அந்த ஒன்றில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு இடைவிடாமல் பங்குகளை வாங்கி விற்றது. இரண்டு வாசல்களில் இரண்டு கணினிகள் வைத்திருக்கும் எந்த ஆலைக்கும் இது பொருந்தும். திருத்தம் செய்யும் நாளில், இரண்டிலும் ஒரே பதிப்பு ஓடுவதை நேரில் போய்ப் பார்க்காமல் நான் வாசலைத் திறக்கச் சொல்வதில்லை.

எங்கள் மாவட்டங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று பெயர்களில் இருக்கிறது. ஒரே ஊரில் மாதையன்கள் நாலைந்து பேர், முனியப்பன்கள் நாலைந்து பேர், அவர்களில் இரண்டு பேருக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றே. பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்ததும் மீதியை நிரலே நிரப்பிக்கொள்ளும் வசதியில், பட்டியலில் மேலே இருப்பவர் எப்போதும் அதிர்ஷ்டசாலி. வங்கியிலோ பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்துச் சேர்கிறது, பெயரைப் பார்த்தல்ல. பெறுபவரின் பெயரை அனுப்புமுன் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரவேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மொத்தமாகக் கோப்பு அனுப்புபவர்களும் அதற்கு இணையான ஒரு சரிபார்ப்பைத் தாங்களே வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் புதிய கணக்கு எண் ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, விவசாயி தன் கைபேசியில் அது வந்ததைக் காட்டிய பிறகே அந்தக் கணக்கை உறுதி செய்கிறோம். பெயரால் தேடுவதை நிறுத்திவிட்டுக் கைபேசி எண்ணால் தேடுகிறோம்.

பால் நிலையங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கொழுப்பும் இதர சத்தும் அளக்கும் கருவி விலையைத் தானாகப் போட்டுவிடுகிறது, அளவுக்கரண்டிக்காரரின் தயவு தேவையில்லை. ஆனால் கருவியை ஒழுங்காகக் கழுவாவிட்டால் உள்ளே படியும் பால் கசடு அளவைச் சிறிது சிறிதாகத் திரித்துவிடும். காலையில் முதலில் வைத்த மாதிரியையே கடைசியிலும் மறுபடி வைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ள நிலையங்களில் மட்டுமே நான் அந்த எண்ணை நம்புகிறேன்.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணுக்கும் மனிதருக்கும் முரண்பாடு வரும்போது யாரை நம்புவது? பிரிட்டன் அஞ்சல் துறையில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் 1999-இல் வரத்தொடங்கியது. அது காட்டிய பற்றாக்குறையை வைத்து, பணத்தைத் திருடியதாகவும் பொய்க்கணக்கு எழுதியதாகவும் 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலக நடத்துநர்கள் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழை இருந்தது. சிலர் சிறை சென்றார்கள், சிலர் வீட்டை விற்றார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். கணினி சரியாகவே இயங்கியது என்று எடுத்துக்கொள்ளும் சட்ட அனுமானம் அவர்களுக்கு எதிராக நின்றது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய 2024 மே மாதத்தில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் எடை மேடைதான் நினைவுக்கு வந்தது. “கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லி ஒரு விவசாயியைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு சுலபம்! அதனால் நான் பராமரிக்கும் ஆலைகளில் ஒரு நிபந்தனை வைக்கிறேன். விவசாயி கேட்டால், காரணம் கேட்காமல் மறு எடை போட வேண்டும். இண்டிகேட்டரிலிருந்து வந்த மூல எடைகள் யாராலும் திருத்த முடியாதபடி, முதலாளியாலும் என்னாலும் திருத்த முடியாதபடி, தனியே சேமிக்கப்பட வேண்டும். இந்த இரண்டுக்கும் சம்மதிக்காத இடத்தில் நான் வேலையை ஏற்பதில்லை.

வேலை இழப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரவில் சீட்டு ஏற்றிய இளைஞர்களுக்கு அந்த ஆலையில் இப்போது இடமில்லை. அவர்களில் சிலர் ஓசூருக்குப் போனார்கள். பழுத்த காயைத் தரம்பிரிக்கும் வரிசையில் நிற்கும் பெண்களின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை, ஆனால் கன்வேயரின் வேகம் கூடியதால் அவர்கள் கண்ணுக்கும் கைக்கும் ஓய்வு குறைந்துவிட்டது. தானியக்கத்தின் இலாபக் கணக்கில் இந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை. ஓசூர்ப் பட்டறைகளில் கணினிக் கட்டளையில் உலோகம் கடையும் சி.என்.சி. இயந்திரம் ஒன்றை ஒருவர் பார்த்த இடத்தில் இப்போது இரண்டு, மூன்று பார்க்கிறார். கடையும் சத்தத்தை வைத்தே உளி மழுங்கியதைச் சொல்லும் மூத்த டர்னர்கள் ஓய்வு பெற்றுப் போகிறார்கள். அவர்களிடம் இருந்த காதை இளையவர்களுக்குக் கொடுக்க யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

இந்தத் திறமை தேய்வது உடனே தெரியாது. பருவத்தின் உச்சத்தில் ஒருநாள் மின்மாற்றி எரிந்து கணினி அறை செயலிழந்தபோது, இண்டிகேட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எடை கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு அதைச் சீட்டில் எப்படி எழுதுவது, எந்த நகல் யாருக்கு, காலி எடையை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. மூத்த எழுத்தர் வந்து உட்கார்ந்து மாலைவரை கையால் எழுதித் தள்ளினார். அதற்குப் பிறகு பருவம் தொடங்கும்போது ஒரு முழு முற்பகல் கணினியை அணைத்துவிட்டுக் கைச்சீட்டிலேயே எடை போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். எழுத்தரின் பதவியும் மாறியது. வண்டி நேராக நிற்கிறதா என்று பார்ப்பவராக இருந்தவருக்கு, எந்த வண்டியின் கணக்கையும் நிறுத்திவைக்கும் அதிகாரம் எழுத்தில் கொடுக்கப்பட்டது. முதலாளியே அவசரப்படுத்தினாலும் அவர் விடுவிக்காமல் அந்தச் சீட்டு பட்டுவாடாவுக்குப் போகாது. சம்பளமும் சிறிது கூடியது. அதை வற்புறுத்திக் கேட்டவன் நான்தான்.

தானியக்கத்தை அமைப்பவரே அதன் ஆபத்தாக மாறும் வழியும் ஒன்று உண்டு. பல ஆலைகளில் முக்கியமான நிரல் யாரோ ஒருவருடைய கணினியின் ஒரு மூலையில், அவருடைய கடவுச்சொல்லில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டால் அது என்ன செய்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. நிறுத்தப் பயந்து ஓடவிட்டுவிடுவார்கள். நான் அமைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதி அந்த அறையின் சுவரில் ஒட்டுகிறேன். இது எதை எங்கிருந்து எடுக்கிறது, எங்கே கொண்டுபோய் வைக்கிறது, எப்போது ஓடும், எப்படி நிறுத்துவது, நிறுத்தினால் அன்றைக்கு வேலையைக் கையால் எப்படி நடத்துவது என்பவை எளிய தமிழில் அதில் இருக்கும். நிரல் எழுதவே செயற்கை நுண்ணறிவை நாடும் காலம் இது, நானும் நாடுகிறேன்; அரைநாள் வேலை அரைமணியில் முடிகிறது. ஆனால் அது எழுதித் தருவது எப்போதும் நேர்த்தியாகத் தெரிவதால், அந்தச் சுவர்த்தாளை நானே என் சொற்களில் எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன். எழுத முடியாத வரிகள் எனக்குப் புரியாத வரிகள், அவற்றை ஓடவிடுவதில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஆலை வாசல் வெறுமையாக இருக்கும்போது நாங்கள் சோதனை நடத்துகிறோம். அன்று எதையும் சரியாக ஓட்டிப் பார்ப்பதில்லை, வேண்டுமென்றே கெடுக்கிறோம். இண்டிகேட்டர் கம்பியை நடுவில் உருவுகிறோம், கணினியின் கடிகாரத்தை ஒருநாள் பின்னுக்குத் தள்ளுகிறோம், மேடையில் பாதிச் சக்கரம் மட்டும் ஏறும்படி வண்டியை நிறுத்துகிறோம், ஒருவரின் டிராக்டரில் இன்னொருவரின் டிரெய்லரை மாட்டி ஓட்டி வருகிறோம், மாதிரிப் பட்டுவாடாவின் நடுவில் இணையத்தை அணைக்கிறோம். ஒவ்வொரு முறையும் நிரல் நிற்கவேண்டும், நின்ற காரணத்தைச் சொல்லவேண்டும். இந்த ஆண்டு முதலாளி, வண்டி எண்ணைத் தானாகப் படிக்கும் கேமரா வைக்க விரும்பினார். சோதனையில் லாரி எண்களை அது நன்றாகவே படித்தது. தூரிகையால் எழுதி, பாதி சேறு மூடிய டிரெய்லர் எண்களில் 3-ஐ 8 என்று படித்தது, அதையும் தயங்காமல் படித்தது. ஆகவே இரண்டாவது வாசலில் மட்டும், எண்ணைப் பரிந்துரைக்கும் அளவுக்கு அதை அனுமதித்திருக்கிறோம். எழுத்தர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது பதிவில் ஏறும். அவர் எத்தனை முறை திருத்துகிறார் என்பதை நிரல் எண்ணிக்கொண்டிருக்கிறது. முதல் வாசலிலும் வைப்பதா என்பதை ஜூலை முடிந்து, அந்தக் கணக்கைப் பார்த்தபின் முடிவு செய்வதாகப் பேசி வைத்திருக்கிறோம்.